தன் முதுகைத் தானே கண்ட வேந்தன் பொருட்டு வெண்டிரை நாட்டுக்கு விடுத்த ஓலை

முகில் தவழ்க, குன்று நிலைக்க, குடி தழைக்க.

உலகில் இன்று வழங்கும் சொற்கள் யாவும் முதன்முதலில் முகிற்கோட்டு நாட்டின் எழுத்து மண்டபத்தில் பிறந்து, பிறகே பிற நாடுகளுக்கு நடந்து சென்றவை என்பதும், அம்மண்டபத்துள் இரவற்சொல் ஒன்றும் இதுநாள்வரை நுழைந்ததில்லை என்பதும் யாவரும் அறிந்ததே. அத்தகைய நாட்டின் தலைமை அமைச்சர் காரிக்குன்றன், அலைகள் அடிபணியும் வெண்டிரை நாட்டு வேந்தர், முத்துக்குடைச் செல்வர் திரைமாறனார் திருமுன்பு எழுதுவிக்கும் ஓலை. தங்கள் கொற்றமும் துறைமுகமும் நாவாய்களும் நலமென அமைச்சர் நம்புகிறார். இங்கும் யாவரும் நலம். அரசர் மட்டும் சற்றுத் தோற்றுப்போயிருக்கிறார்.

அது நிகழ்ந்தவாறு இது. வரும் முழுநிலா நாளில் நாற்பது ஊர்த் தலைவர்களும் கூடி, எங்கள் கோமான் கொண்டல்வேள் இன்னும் பன்னிரண்டு ஆண்டு ஆளலாமா என்று குடத்தில் ஓலை இடுவர். வேண்டாம் என்னும் ஓலை மிகுந்தால், அன்றே முடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் மலையிறங்க வேண்டும். ஆதலால் அவர் புகழைக் கல்லில் வெட்டி ஊர்வாயிலில் நிறுத்துமாறு எழுத்து மண்டபத்துக்கு ஆணை போயிற்று. கல்லும் நின்றது. பனி விலகிய காலையில் மக்கள் கூடிப் படித்தனர். ஆயிரம் நாவாய் செலுத்தியவன் என்றிருந்தது. கடலைக் கனவிலும் காணாத குடிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். பதினோராம் வரியில், முகிற்கோட்டுக் கொண்டல்வேளைப் புறங்கண்டு அவன் பட்டத்து யானையைக் கைக்கொண்டவன் என்றும் இருந்தது.

அது தங்கள் கல்லின் வாசகம் என்பதை இதற்குள் கண்டுகொண்டிருப்பீர்கள். அப்படியொரு போர் நடந்ததாக எங்களுக்கு நினைவில்லை. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

தன் முதுகைத் தானே பாத்த ராசா உலகத்துலயே நம்ம ராசா ஒருத்தருதான்டி என்று சுனைக்கரைப் பெண்கள் சொன்னது, சொன்னபடியே இங்கு எழுதப்படுகிறது. யானைப்பாகன் உதிரன் யானையை அரண்மனை வாயிலில் கொண்டுவந்து நிறுத்தி, சாமி, இது செயிச்ச ராசா யானையா, தோத்த ராசா யானையா, தழை யாருகிட்ட வாங்கட்டும் என்று, சிரிக்காமல் கேட்டான். சிரித்திருந்தால் தண்டித்திருக்கலாம்.

எழுத்தர் தலைவன் செவ்வந்தன் அழைக்கப்பட்டான். கோமான் எவரையும் வென்றதில்லை, எவரோடும் பகைத்ததுமில்லை, முகில் பார்ப்பதே அவர் பெருந்தொழில், அதைக் கல்லில் வெட்டினால் எடுபடாது என்று அவன் பணிவுடன் தெரிவித்தான். உப்பு வணிகர் கொண்டுவந்த தங்கள் கல்லின் படி கையில் இருந்ததாம், அழகாகவும் இருந்ததாம், முதல் வரியில் பெயரை மாற்றினார்களாம், அதற்குள் உணவுமணி அடித்துவிட்டதாம். பிறர் பல்லைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் கூட்டமே என்று அமைச்சர் அவர்களை முக்கால் நாழிகை வைதார்.

வைதபின் திருத்தம் எழுதப்பட்டது. கல்தச்சன் எழுத்தறியாதவன், ஓலையில் இருந்ததை இருந்தபடி வெட்டினான். இப்போது பதினோராம் வரி, தோற்றவன் பெயரை இவ்விடத்து இடுக என்கிறது. குடிகள் கீழ்ப்படிந்து கரித்துண்டால் இட்டு வருகின்றனர். இன்று காலைவரை தோற்றவர்கள் மாமியார் இருவர், வைத்தியர் ஒருவர், அமைச்சர் காரிக்குன்றன்.

சிரிப்போடு போயிருந்தால் இவ்வோலை பிறந்திராது. தன் பேருல என்ன எழுதுறாங்கன்னே படிக்காதவரு நம்ம வழக்க எங்க படிச்சிருக்கப்போறாரு என்று மேலைச்சுனை ஊர்த் தலைவர் கேட்க, பதினெட்டு ஊர்கள் தலையசைத்துவிட்டன. இன்னும் மூன்று ஊர் அசைந்தால் முடிந்தது.

கோமானோ சினக்கவில்லை. மாலைதோறும் கல்லருகே நின்று, கடல் என்னும் சொல்லை விரலால் தடவிப் பார்க்கிறார். பள்ளத்தாக்கில் பனி நிரம்பித் திரை திரையாய் மேலேறும் வேளையில் மேற்குமுனைப் பாறையில் சென்று அமர்கிறார். ஏளனம் செய்யப் பின்தொடர்ந்த சிலர், அந்த வெண்மையில் பாய்மரம் போல ஏதோ அசைவதைக் கண்டு, வந்த காரியத்தை மறந்து அவரருகே அமர்ந்துவிட்டனர். அது கொக்குக் கூட்டம் என்று அமைச்சர் விளக்கினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பனி பாறையடியில் வந்து வந்து மோதியது. ஓசை கேட்டதாகவும் சிலர் சொல்கின்றனர்.

எழுந்து வரும்போது கோமான், படிக்காதது என் பிழையே, நாற்பது தலைவர் முன்னும் நின்று அதைச் சொல்வேன், சொல்லத் தக்க சொற்களை எழுதித் தருக என்று அமைச்சரைப் பணித்தார். அமைச்சர் மூன்று நாள் தனித்திருந்து எழுதினார். நடந்தவை நடந்தன என்பதுவரை வந்திருக்கிறது.

மூன்றாண்டு முன் தங்கள் கலங்கரை விளக்கின் காவலர் உறங்கி, நாவாய் ஒன்று பாறையில் ஏறியபோது, தாங்கள் குடிகள்முன் நின்று வாசித்த மன்னிப்போலை கேட்டு மாலுமிகளின் மனைவியரும் மனம் ஆறினர் என்று உப்பு வணிகர் சொல்கின்றனர். அதன் படி ஒன்றை இத்தூதன் கையில் மறைவாகக் கொடுத்தருள்க. முழுநிலாவுக்கு மூன்று நாள் முன் வந்து சேர்ந்தால் போதும். பெயர்களை அமைச்சரே தம் கையால் மாற்றிக்கொள்வார், எல்லா வரியிலும். கடல் என்று வருமிடங்களை மட்டும் தொடலாகாது என்பது கோமான் ஆணை.

முகில் இலச்சினை இட்டு இவ்வோலை நிறைந்தது. படித்ததும் நீரில் விடுக. இதைப் படியெடுத்தல் எங்கள் நாட்டில் குற்றம்.