பீட்ரூட் சொன்ன சாட்சி

மார்ச் 3, செவ்வாய்

குட்டிக்கு ரத்தம் குறைவாம். பள்ளியில் ஓடும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாளே, அதற்கு எடுத்த பரிசோதனை. நர்ஸ் மருந்தோடு ஒரு அட்டையும் கொடுத்தார். கடையில் காயோ பழமோ வாங்கினால், அதே விலைக்கு இன்னும் காய், பழம் இலவசம். மே மாதம் வரை செல்லும். “காய், பழம் மட்டும்தாம்மா. சாமர்த்தியம் காட்டாதீங்க” என்றார். என் முகத்தில் அப்படி என்ன எழுதி ஒட்டியிருக்கிறது?

மார்ச் 7, சனி

சாமர்த்தியம் காட்டியது நான் இல்லை, என் வீட்டுக்காரர். சிப்ஸ் பாக்கெட்டை அட்டையோடு நீட்டினார்.

“உருளைக்கிழங்கு காய் இல்லியாம்மா?”

பில் போடும் பெண் சிரிக்கக்கூட இல்லை. “பாக்கெட்டுக்குள்ள போயிட்டா காய் இல்ல சார்.”

அடுத்து தக்காளி சாஸை எடுக்கப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

பீட்ரூட் வதக்கினேன். குட்டி தட்டைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இவர் அதற்கு மேல். “நான் என்ன ஆடா, மாடா?” நாளெல்லாம் வேன் ஓட்டுகிற மனுஷன், ஒரு வாய் காய்க்கு நடுங்குகிறார்.

மார்ச் 12, வியாழன்

குட்டியின் தட்டு காலி!!

மார்ச் 17, செவ்வாய்

இன்றும் காலி. வேலை செய்கிற சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டபடியே எல்லோரிடமும் அளந்தேன். “புள்ள வளக்கிறது எப்படின்னு எங்கிட்ட கேளுங்க.” கொஞ்சம் ஓவர்தான்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் கழிவறையிலிருந்து இவர் அலறல். வெளியே வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. “செவப்பாப் போகுது. ரத்தம்டி!”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குட்டியையும் ஏற்றிக்கொண்டு வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் “புள்ளயப் பாத்துக்கோ” என்று ஒரே புலம்பல். அய்யோ, இவருக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன பண்ணுவேன்? அழுதே விட்டேன்.

அதே நர்ஸ்தான். பரிசோதித்துவிட்டு, “பீட்ரூட் சாப்பிட்டீங்களா?” என்றார்.

“இவரா? வாயிலயே வைக்க மாட்டாரு” என்றேன் நான்.

இவர் கூரையைப் பார்த்தார். குட்டி தரையைப் பார்த்தாள்.

“நெறயவா?”

“இவ பங்கு... தெனமும்.”

“அப்பா! சொல்லிட்டீங்களே!”

நான் திரும்பும்போதெல்லாம் தட்டு மாறியிருக்கிறது! “அழுதாடி, மனசு கேக்கல” என்கிறார். “ரத்தமில்ல, பீட்ரூட் சாயம்தான்” என்று நர்ஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வாரமாகப் பிள்ளை உடம்பில் என்னதான் சேர்ந்தது?

மார்ச் 23, திங்கள்

யாரோடும் பேச்சு இல்லை.

மார்ச் 28, சனி

இவரே சமாதானத்துக்கு வந்தார். “அட்டைய அவகிட்டயே குடு. எது வேணுமோ எடுக்கட்டும். சும்மா வர்றதுதானே, பிடிக்கலன்னா போகட்டும்.”

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? நம் காசில் வாங்கியதைத் துப்பினால் வயிறு எரியும். இதில் அந்தப் பயம் இல்லையே.

குட்டி கடையை ஒரு கலக்குக் கலக்கினாள். மாதுளை, கேரட், பச்சைப் பட்டாணி. பட்டாணியை உரித்து உரித்துப் பச்சையாகவே தின்கிறாள். கீரை? “அடுத்த வாரம் யோசிக்கிறேன்” என்றாள், பெரிய முதலாளி மாதிரி.

ஏப்ரல் 28, செவ்வாய்

யோசித்து முடித்துவிட்டாள். கீரை, மூன்று வாய். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன்.

மே 26, செவ்வாய்

ரத்தம் ஏறியிருக்கிறது! இன்னும் கொஞ்சம் ஏற வேண்டுமாம்.

ஜூன் 6, சனி

அட்டை போன வாரத்தோடு முடிந்தது. கடையில் நான் பிஸ்கட் எடுத்துக்கொண்டு திரும்பினால் இரண்டு பேரையும் காணோம். காய்ப் பக்கம் நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“இது முத்தல்ப்பா. ஒடிச்சுப் பாருங்க.”

இவர் ஒரு பீன்ஸை ஒடித்தார். நார் தொங்கியது. எடுத்ததைக் கொட்டிவிட்டு, வேறு பொறுக்க ஆரம்பித்தார்.

பை நிறைந்துகொண்டே போனது. முழு விலை என்று நினைவூட்ட வாயெடுத்தேன். பிறகு, பிஸ்கட்டில் ஒரு பாக்கெட்டைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.