ஏழைந்து முப்பத்தைந்து

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சௌக்கியமாக இருக்க வேண்டும், இப்போதைக்கு என் ஆசை அவ்வளவுதான். என் சௌக்கியத்தைப் பற்றி வழக்கமாக எழுதும் வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன், கடைசி வரை படித்தால் காரணம் தெரியும். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் வாய் தானாகச் சின்னவனின் இருமலை விசாரிக்கப் போய்விடுகிறது. முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் கணக்குப் போட்டவனுக்கு எழுதிக் காட்டினால்தான் வரும் போலிருக்கிறது. சித்தி போன வாரம் ஊருக்குப் போய்விட்டாள். அம்மாவின் துணிமணியை எல்லாம் மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் கிடக்கும் செருப்பை மட்டும் என்ன செய்வது என்று கேட்டாள், கிடக்கட்டும் என்றேன். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றபாடில்லை. சாப்பாடு நானே செய்துகொள்கிறேன், உப்பு ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைவு, குறை சொல்ல ஆளில்லாததால் பிழைப்பு ஓடுகிறது.

இனி வண்டி விஷயம். அன்றைக்கு நடந்ததை நீ வந்திருந்தபோது துண்டு துண்டாகத்தான் சொன்னேன். காலை பத்து மணி, தெருவில் எல்லோரும் வேலைக்குப் போயாகிவிட்டது, ஒரு வீட்டு வாசலிலும் வண்டி இல்லை. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, நெஞ்சை யாரோ மிதிப்பது போல இருக்கிறது என்றாள். கைத்தாங்கலாக அழைத்து வந்து முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டேன், மருந்துச் சீட்டுகள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டாள். சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என் முழங்காலுக்காக நீ பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த கிளட்ச் இல்லாத வண்டி, தள்ளிவிட்டாலும் ஸ்டார்ட் ஆகாது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு மறுபடி திருப்பினேன், பதினாலு தடவை, எண்ணிக்கொண்டே திருப்பினேன், எண்ணுவதுதானே எனக்குத் தெரிந்த தொழில். பதறாதீங்க, இன்னொரு தடவ பாருங்க என்று எனக்குத் தைரியம் சொன்னாள் மகராசி. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வண்டி ஏன் கைவிட்டது என்று நீ கேட்டாய், தெரியவில்லை என்றேன், அப்போது நிஜமாகவே தெரியாது. எட்டு மாதத்துக்கு முன் மாட்டிய பேட்டரி. பழசைப் புதுசென்று தலையில் கட்டி என் அம்மாவைக் கொன்றவன் என்று அந்த பேட்டரிக் கடையின் பெயரைப் போட்டு, விமானம் ஏறுவதற்கு முன் இணையத்தில் எழுதினாய். அம்மாவை கொன்றவன் என்று எழுதியிருந்தாய், நடுவில் ஒரு க் வர வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தவன் நான். நீ போன நாலாம் நாள் கடைக்காரரே மீட்டரோடு வாசலில் வந்து நின்றார், சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தன் மேல் தப்பிருந்தால் தனக்கும் தெரிய வேண்டும், வண்டியைப் பார்க்க விடுங்கள் என்றார். முதலில் பேட்டரியில் மீட்டரை வைத்தார், பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டியது பதினொன்றரையைத் தொடவில்லை. நல்ல பேட்டரியும் பட்டினி கிடந்தால் இப்படித்தான் காட்டும் என்று கழற்றிக் கொண்டுபோய், சார்ஜ் ஏற்றி, இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தார். ஏற்றியது இறங்கவில்லை, பளு கொடுத்தாலும் தாங்குகிறது என்று மீட்டரை என் கையிலேயே கொடுத்துக் காட்டினார். மாட்டி ஸ்டார்ட் செய்து பார்த்தார், பதினாலைத் தாண்டியது, அப்படியானால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் அனுப்புகிறது. அதைச் சுழற்றும் பெல்ட் இறுக்கமாக இருந்தது, பேட்டரியில் வயர் மாட்டும் டெர்மினலில் வெள்ளைப் பொடி எதுவும் படியவில்லை. கடைசியில் வண்டியை அணைத்துப் பூட்டி, எங்கேயாவது கரண்டு கசிகிறதா என்று அரை மணி நேரம் காத்திருந்து அளந்தார், அதுவும் இல்லை. வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் நானில்லை சார் என்று கையை விரித்தால் வாத்தியார் எப்படி முழிப்பார், அப்படி நின்றோம் இரண்டு பேரும். பிறகுதான், வண்டிய எப்படி சார் ஓட்டுவீங்க என்று கேட்டார்.

பாப்பா, இதை நீ உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள் என்று பேட்டரி மாட்டிய அன்றைக்கே அவர் சொன்னார், நீயும் ஞாயிறு தவறாமல் போனில் கேட்டாய், ஓட்டினேன் என்று நானும் தவறாமல் சொன்னேன். ஓட்டவில்லை. ஆறு மாதத்துக்கு முன் நான் ரொட்டி வாங்கப் போன கால் மணி நேரத்தில் அம்மா குளியலறையில் விழுந்து கிடந்தாளே, அதற்குப் பிறகு அவளைத் தனியாக விட்டுப் போக எனக்குக் கால் வரவில்லை. கூடவே ஏற்றிக்கொண்டு போகலாமென்றால் வண்டி குலுங்கினாலே அவளுக்கு மூச்சு முட்டும். அதனால் ஷெட்டில் நிறுத்தியபடியே தினமும் காலையில் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைத்தேன். ஏழைந்து முப்பத்தைந்து, நீ கேட்டதைவிட ஐந்து நிமிஷம் கூடவே கொடுக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. அந்த ஐந்து நிமிஷத்தில் ஹெட்லைட், வைப்பர், ஏசி என்று ஒவ்வொன்றாகப் போட்டுச் சரிபார்ப்பேன். ஓடாத வண்டிக்கு வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார் என்று அம்மா ஜன்னலில் நின்று சிரிப்பாள். ஒரு தடவை போனை வாங்கி, கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்தோம்டி என்று உன்னிடம் சொன்னாளே, அது என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். உனக்கு ஏன் வீண் கவலை என்று நினைத்தோம்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார், ஸ்டார்ட் பண்ணும்போதுதான் சார் பேட்டரி நெறைய குடுக்கும், நின்ன எடத்துல அஞ்சு நிமிஷம், அதுவும் லைட்டும் ஏசியும் போட்டு ஓடினா எடுத்தது திரும்ப வராது, நீங்க தினமும் எடுத்துட்டே இருந்திருக்கீங்க, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார் என்று. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் பெருக்கல் சரிதான் பாப்பா, அது பெருக்க வேண்டிய கணக்கே இல்லை, தினமும் கழித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா போனது என்னால்தான். மீட்டர் வயரைச் சுருட்டிக்கொண்டே, உங்க பொண்ணுகிட்ட நான் சொல்ல முடியாது சார், நீங்கதான் சொல்லணும் என்றார், போய்விட்டார். நான் சொல்லவில்லை. அம்மாவும் இல்லை, நீயும் பேசாமல் போய்விட்டால் எனக்கு யார் என்கிற பயம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், பாவத்தை வைத்துக்கொண்டு பழியை அவர் தலையில் விட்டுவைத்தேன். நேற்று அந்தப் பக்கம் போனேன். பள்ளிக்கூட வேன் வேலையெல்லாம் வேறு கடைக்குப் போய்விட்டதாம், பாதி ஷட்டரை இறக்கிவிட்டு அவரும் மனைவியும் உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஷட்டரில் நீ எழுதியதை யாரோ அச்செடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நான் போட்ட க் அதில் இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், நல்ல பசை, முழுசாக வரவில்லை.

அதனால் இது கிடைத்ததும் முதல் வேலையாக நீ எழுதியதை எடுத்துவிடு. எடுத்தால் மட்டும் போதாது, பேட்டரியில் குறை இல்லை, தப்பு என் அப்பாவுடையது என்று அதே இடத்தில் என் பெயரைப் போட்டு எழுது. இங்கே தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் நான் நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். அதை எழுதி முடித்த பிறகு என் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, பேசப் பிடிக்காவிட்டால் சின்னவனை மட்டுமாவது பேச விடு. அவனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு மெதுவாக வரட்டும், தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்கச் சொல்லிக் கொடு. இருமலுக்கு வெந்நீர் கொடு, ராத்திரி கழுத்தை மூடிப் படுக்க வை. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன் அம்மா இருந்து சொல்ல வேண்டியதையும் சேர்த்து நானே சொல்கிறேன். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பத்தரை வரை கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டிருப்பேன். இப்போது வீட்டில் யாரையும் தனியாக விட்டுப் போக வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா