உன் சீற்றில் நான் இருந்த சீசன்

பிளேஸ்டோ, கிழக்கு லண்டன்,
வைகாசி மாதக் கடைசி.

அன்பு மகள் துசியந்திக்கு அப்பா எழுதுவது,

இங்கே நான் சுகம், அம்மா சுகம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீ அவ்விடத்தில் குளிருக்கும் வேலைக்கும் நடுவே சுகமாக இருக்கவேண்டும் என்று செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோனியாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ காண்பது என் நெற்றியையும் எங்கள் வீட்டுச் சீலிங்கையும்தான், நான் ஒரு சங்கதியைத் தொடங்கினால் அம்மா பக்கத்தில் நின்று அதை முடித்தும்விடுகிறார். இந்தச் சங்கதியை நானே தொடங்கி நானே முடிக்க வேண்டும். அதனால் கனடாவில் உன் கல்கரிக்கு வருகிற பார்சலுக்குள் மிளகாய்த்தூளோடு இதையும் வைக்கிறேன். வாசிக்கும்போது தும்மல் வந்தால் நான் பொறுப்பில்லை.

ஊர்ப் புதினம் அதிகம் இல்லை. கோயிலில் பாட்டுக்குழு அருமைநாயகி அக்காவுக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது, இப்போது பாட்டுப் புத்தகம் தெரிகிறதாம், ஆனால் பாடுவது பழையபடிதான். உன் அண்ணன் நிஷாந்த் வடக்கு லண்டனில் தன் எட்மண்டன் வீட்டுக்கு மூன்றாந்தரமும் பெயின்ற் அடிக்கிறான். உன் உதைபந்தாட்ட மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு அவனுக்குப் பந்தும் பூசணிக்காயும் ஒன்றுதான். அவனுக்குக் கொஞ்சம் பந்துப் பைத்தியம் இருந்திருந்தால் நீ உன் சீற்றை அவனிடமே ஒப்படைத்திருப்பாய், எனக்கு இந்தச் சோதனை வந்திராது.

போன வருஷம் ஆடி மாதம் நீ பெட்டி கட்டும்போது சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. “ஒரு வருஷந்தான் அப்பா, ஆவணியில திரும்பி வந்திடுவன், அதுவரைக்கும் என்ரை சீற்றைப் பாருங்கோ” என்றாய். ஆள் வராமல் கிடந்தால் சீசன் ரிக்கற்றைப் பறித்து வரிசையில் நிற்கிறவனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றும் பயமுறுத்தினாய். யாரிடம் கேட்கிறாய் என்று நீ யோசித்துப் பார்க்கவில்லை. நான் கிழக்கு லண்டன்காரன். அகதியாக வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில், பெற்றோல் ஸ்டேஷனில் என்னோடு வேலை செய்த ஒருவர் என் நடுக்கத்தைப் பார்த்துவிட்டுத் தன் கழுத்தில் கிடந்த கிழக்குக் கிளப்பின் பீட்றூட் நிற மப்ளரைக் கழற்றித் தந்தார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சூடான உடுப்பு அதுதான். ஆட்டம் என்னவென்று விளங்க முன்பே கட்சி முடிவாகிவிட்டது. நீயோ அண்ணன் வீட்டில் இருந்து படித்த காலத்தில் வடக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேட்டுப் போட்டு விளையாடுகிறவர்களிடம் போய்ச் சேர்ந்தாய். அந்தக் கிளப்பின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை, இந்தக் கடிதத்திலும் எழுதப் போவதில்லை.

இருந்தாலும் பிள்ளை கேட்டதென்று உன் வெள்ளை மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஆவணியில் முதல் ஆட்டத்துக்குப் போனேன். ஒரு வீட்டுக்கு முதன்முதல் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று அம்மா ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துத் தந்தார். அது வீடல்ல, மைதானம் என்றேன். “எண்டாலும் பக்கத்தில ஆக்கள் இருப்பினம்தானே” என்றார். வாசலில் பையைச் சோதித்த பெடியன் இது என்னவென்று கேட்க, ஒன்றைப் பிய்த்துக் காட்டினேன். பிய்த்ததைத் திரும்பப் பைக்குள் வைப்பது மரியாதையில்லை என்று அவனையே தின்னச் சொன்னேன். அன்றுமுதல் அந்த வாசலில் என்னைச் சோதிப்பதில்லை.

உன் பக்கத்துச் சீற் மோரீன், நீ சொல்லுவாயே அந்த ஐரிஷ் மனுஷி, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிள்ளை எங்கே, எப்போது வருகிறாள் என்று கேட்டார். அடுத்த ஆவணியில் என்றேன். அதற்குப் பிறகுதான் ரோலை எடுத்தார். அன்று உன் கிளப் வென்றது. அடுத்த ஆட்டத்துக்கு நான் ரோல்ஸ் கொண்டுபோகவில்லை, தோற்றது. அதற்கடுத்ததற்குக் கொண்டுபோனேன், வென்றது. வெள்ளைக்காரருக்குச் சகுனம் கிடையாது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எங்கள் வரிசையில் ஒரு மனிதர் சீசன் முழுவதும் ஒரே சோடிக் காலுறையைத் துவைக்காமல் போடுகிறார், காற்று எங்கள் பக்கம் வீசாத நாட்களில் நல்ல மனிதர். அவர் தலைமையில் வரிசை கூடி இனிமேல் ரோல்ஸ் இல்லாமல் நான் உள்ளே வரக்கூடாது என்று முடிவெடுத்தது. பந்து பார்ப்பது நேரத்தைப் பாழாக்குவது என்று முப்பது வருஷம் சொன்ன உன் அம்மா, இப்போது நான் வீட்டுக்குள் கால் வைக்க முன்பே வென்றதா தோற்றதா என்று கேட்கிறார். தோற்றால் மாவைக் குறை சொல்கிறார்.

கார்த்திகையில் எங்கள் கிளப் உன் மைதானத்துக்கு விளையாட வந்தது. உடம்புக்கு வருத்தம் என்று சொல்லி வீட்டில் நிற்போமா என்று யோசித்தேன், ஆனால் இறைச்சி வாங்கியாகிவிட்டது. முதல் கோல் எங்களுடையவர்கள் அடித்தார்கள். நான் எழும்பிவிட்டேன் பிள்ளை. எழும்பவேண்டும் என்று நினைக்கவில்லை, கால் தன்பாட்டில் எழும்பியது, கையும் மேலே போய்விட்டது. சுற்றிவர ஒருவரும் எழும்பவில்லை. கோயிலில் எல்லோரும் முழந்தாளில் நிற்கும்போது ஒருவன் மட்டும் எழுந்து நின்றது மாதிரி இருந்தது. மோரீன் என் ஜக்கெற்றின் நுனியைப் பிடித்து இழுத்து இருத்தி, பின்னால் திரும்பி, பாவம் இவருக்குக் காலில் நரம்பு பிடித்துவிட்டது என்று சொன்னார். நானும் காலை உருவிவிட்டேன். பிறகு உன்னுடையவர்கள் இரண்டு அடித்து வென்றார்கள். கை தட்டினேன், கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை. போகும்போது மோரீன் என் காதுக்குள், எத்தனை வருஷமாக இந்த நரம்பு வருத்தம் என்று மட்டும் கேட்டார். ஒருவருக்கும் சொல்லவில்லை, நல்ல மனுஷி.

ஆனால் ரீவிக்காரன் சொல்லிவிட்டான். நம் பக்கத்து ஊர் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற சுந்தரராஜன், என்னோடு இத்தனை காலமும் கிழக்கு மைதானத்தில் ஒரே வரிசையில் நின்றவர், வெள்ளைச் சனத்துக்கு நடுவே வெள்ளை மப்ளரோடு நான் கை தூக்கி நிற்பதைக் கடை ரீவியில் கண்டிருக்கிறார். திங்கட்கிழமை அரிசி வாங்கப் போனால், “அண்ணை, நீங்கள் அங்கை என்ன செய்யிறியள்” என்று கேட்டுவிட்டு விடையையும் எதிர்பாராமல் உள்ளே போய்விட்டார். உன் அம்மா சொன்னது, “ஆத்தில ஒரு கால், சேத்தில ஒரு கால் எண்டு நிண்டால் இப்பிடித்தான்”. ஆறு எது சேறு எது என்று நான் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை கிழக்கு, மறு சனிக்கிழமை வடக்கு என்று அலைந்தேன். இரண்டு கிளப் தோற்கிற கவலையை ஒரு நெஞ்சு தாங்குவது லேசில்லை, வைத்தியர் பிறஷர் குளிசையைக் கூட்டித் தந்தார்.

பிறகு தபசுகாலம் வந்தது. நாற்பது நாளும் எங்கள் வீட்டுச் சட்டியில் இறைச்சி விழாது என்று உனக்குத் தெரியும். அம்மா கிழங்கு ரோல்ஸ் செய்து தந்தார். தோற்றது. மீன் ரோல்ஸ் செய்தார். தோற்றது. காலுறை மனிதர் என் கையைப் பிடித்து, மதத்தை மதிக்கிறேன், ஆனால் இது ஒரு கிளப்பின் எதிர்காலம் என்றார். மோரீனும் கத்தோலிக்கம்தான், சுவாமியாரிடம் விசேஷ அனுமதி கேட்டால் என்ன என்று அவர்தான் தூண்டினார். நானும் வெட்கத்தை விட்டுத் தமிழ்ப் பூசை முடியக் கேட்டேன். சுவாமியார் கண்ணை மூடி யோசித்துவிட்டு, குற்றம் தபசுகாலத்தில் இல்லை, வலது பக்கத்துத் தடுப்பு ஆட்டக்காரனில் இருக்கிறது என்றார். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு ஆட்டிறைச்சி வந்தது, வெற்றியும் வந்தது. இதைச் சுவாமியாருக்கு அறிவிக்கவில்லை.

இனி எழுத வந்த சங்கதி. சித்திரை மாதம் நீ அம்மாவுக்குப் போன் எடுத்து, அடுத்த பார்சலில் அந்த வெள்ளை மப்ளரையும் வைக்கச் சொன்னாய். அம்மா அதைச் சும்மா போகிற போக்கில் சொல்வதுபோல என்னிடம் சொன்னார். நான் சோறு தின்றுகொண்டிருந்தேன், மிச்சத்தைத் தின்னவில்லை. ஆவணியில் திரும்பி வந்து இந்தச் சீற்றில் இருக்கப்போகிற பிள்ளைக்குக் கோடை வருகிற நேரத்தில் மப்ளர் எதற்கு. பிறகு பார்த்தால் அம்மா வறுத்து இடித்து வைத்திருப்பது வழக்கமாக அனுப்புகிற தூளிலும் இரண்டு மடங்கு. பிள்ளைக்கு வேலையை அங்கேயே நிரந்தரமாக்குகிறார்களோ என்று கேட்டேன். அம்மா, முழங்கால் நோகிறது என்றார். அடுத்த ஞாயிறு உன்னிடமே, ஆவணிக்குப் பிளேன் ரிக்கற் போட்டாச்சோ என்று கேட்டேன். “பார்ப்பம் அப்பா” என்றாய். மகளே, அந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான். நீ சைக்கிள் கேட்டபோது பார்ப்பம் என்றேன், நாய்க்குட்டி கேட்டபோது பார்ப்பம் என்றேன். இரண்டும் வரவில்லை என்பது உனக்குத் தெரியும்.

எனக்குக் கவலையாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. உன் சீற்றில் இருக்கிற நேரம் முழுவதும், நீ கீழே தேத்தண்ணி வாங்கப் போயிருக்கிறாய், வரும்வரைக்கும் நான் இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்ற மாதிரி ஒரு நினைப்பு எனக்கு. அந்த நினைப்பில்தான் ஒரு சீசன் ஓடியது. எங்கள் கிளப் கடைசி நாள்வரை இழுபட்டுக் கீழ்ப் பிரிவுக்கு விழாமல் தப்பியதுகூட எனக்கு முழுச் சந்தோஷம் தரவில்லை, நீ எரிச்சல்பட்டு ஒரு செய்தி அனுப்புவாய் என்று பார்த்திருந்தேன், அதுவும் வரவில்லை.

உன் மைதானத்தில் கடைசி ஆட்டத்துக்கு அம்மா இரண்டு பெட்டி ரோல்ஸ் தந்தார். முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது உன்னுடையவர்கள் ஒரு கோல் அடித்தார்கள். நான் எழும்பி நின்றேன். இதற்கும் யோசிக்கவில்லை, அதே கால்தான். இந்த முறை சுற்றிவர எல்லோரும் நின்றார்கள், ஜக்கெற்றை ஒருவரும் பிடித்து இழுக்கவில்லை. இருந்த பிறகு மோரீன் வழக்கம்போல, பிள்ளை எப்போது வருகிறாள் என்று கேட்டார். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆவணி ஆவணி என்று சொல்லிவந்த எனக்கு அன்று அது வாயில் வரவில்லை. அவள் வரமாட்டாள், அங்கே அவளுக்கு நன்றாக இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரியும் என்று தெரிந்தது. அவர், அப்படியானால் நீ வா, தெரியாத ஆள் பக்கத்தில் இருந்தால் எனக்குச் சரிவராது என்றார்.

ஆகவே மறுநாள் கிளப்புக்குப் போன் எடுத்து, சீற்றைக் குடும்பத்துக்குள் பெயர் மாற்றலாமா என்று கேட்டேன். மாற்றலாமாம், ஆனால் நீ சம்மதிக்க வேண்டுமாம். உனக்கு ஒரு இமெயில் வரும், அதில் ஓம் என்கிற இடத்தை அமத்து. யோசியாதே. ஆவணியில் வருவதாக அப்பாவுக்குச் சொன்ன வாக்கு என்று அந்தச் சீற்றை நீ அங்கிருந்து தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். அமத்திய பிறகு அது உன் சீற் இல்லை, என் சீற். விருந்தாளியாக வரும்போது ஆட்டம் உள்ள மாதமாகப் பார்த்து வா, காலுறை மனிதர் ஒரு நாளைக்குத் தன் இடத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். துடைத்துவிட்டு இரு. சுந்தரராஜனுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அவர் கடையிலேயே ரோல்ஸ் தாள் வாங்கினால் கோபம் ஆறும்.

வேலை நிரந்தரமானால் முதலில் நல்ல சப்பாத்து வாங்கு, பனியில் சறுக்கி விழாதே. பக்கத்தில் தமிழ்ப் பூசை இல்லாவிட்டால் இங்கிலிஷ் பூசைக்காவது போ, ஆண்டவருக்கு இரண்டும் விளங்கும். இரவில் சோறு தின்னாமல் படுக்காதே. அம்மாவிடம் சொல்லி என்னிடம் மறைக்காதே, அம்மாவுக்கு மறைக்கத் தெரியாது, முழங்காலைத்தான் குற்றம் சொல்கிறார். ஆண்டவரும் மாதாவும் அந்தோனியாரும் உன்னை வழி நடத்துவார்கள், எங்கள் ஆசீர் எந்நேரமும் உன்னோடு.

மறந்துவிட்டேன், நீ கேட்ட வெள்ளை மப்ளர் பார்சலில் இல்லை. ஆவணியிலிருந்து அது எனக்குத் தேவை. தூள் பைக்குக் கீழே என்னுடைய பீட்றூட் மப்ளரை மடித்து வைத்திருக்கிறேன். கல்கரியில் அந்த நிறம் எந்தக் கட்சி என்று ஒருவருக்கும் தெரியாது, கூச்சப்படாமல் போடு. புது ஊரில் முதல் குளிருக்கு அது நல்லது, நான் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
கிறிஸ்துராஜா