எழுதாமல் விட்ட ஒரு வரி

டிசம்பர் 3

குழாயில் தண்ணீர் வர ஏழரை ஆகிவிட்டது. அதற்குள் அக்கா பல்கூடத் தேய்க்காமல் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் காகிதம் ஒட்ட உட்கார்ந்துவிட்டாள். ஐந்து முனையில் ஒன்று கோணல். எடுத்துச் சொன்னேன். வானத்தில் இருப்பதை மட்டும் அளவெடுத்தா செய்தார்கள், வாத்தியாரம்மா என்றாள். அவள் எனக்கு வைத்திருக்கும் பெயர் அது. கூடப் பிறந்தவள் இல்லை. இரண்டு வயது மூத்தவள், அதனால் அக்கா.

இந்த நாட்டுக்கு ஊழியத்துக்கு வந்து பதினான்கு மாதம். பூட்டுக் கடைக்கு மேலே ஒரே அறை, இரண்டு கட்டில், ஒரு மேசை. பின்கட்டில் ஜெபக் கூடம். இரண்டிரண்டு பேராகத்தான் வெளியே போக வேண்டும், தெருமுனைக் கடைகளைத் தாண்டித் தனியே போகக் கூடாது என்பது மிஷனின் முதல் விதி. அக்கா இன்றும் மூன்று மணிக்கு மருந்துக் கடை என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐந்தேகாலுக்கு வந்தாள். ஒரு தலைவலி மாத்திரைக்கு இரண்டேகால் மணி நேரமா? மாத்திரையும் கையில் இல்லை. விரல் நுனியெல்லாம் சிவந்து, சோப்பு வாசனை.

பாட்டுப் பயிற்சிக்கு நான் ஒருத்தியாக நின்றேன். பிள்ளைகள் கேட்டது ஒரே கேள்வி. பெரிய அக்கா எப்ப வருவாங்க?

டிசம்பர் 4

இந்த ஊர் மொழியை நான் இலக்கணம் பிசகாமல் பேசுகிறேன். கேட்பவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். அக்கா ஆண்பாலையும் பெண்பாலையும் மாற்றிப் போட்டு உளறுகிறாள். அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள்.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

டிசம்பர் 6

அக்கா கிளம்பி ஐந்து நிமிடம் கழித்து நானும் கிளம்பினேன். (நானும் தனியேதான் முனையைத் தாண்டினேன். அப்போது உறைக்கவில்லை, எழுதும்போதுதான் உறைக்கிறது.)

இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக் கடை. லாட்ஜ்களுக்குத் துவைத்துக் கொடுக்கிற கடை. ஆவி படிந்த கண்ணாடிக்கு உள்ளே அக்காவும் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாளும் பெரிய படுக்கை விரிப்பின் முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உதறுவது, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பது, விலகுவது, மறுபடி நடந்து வருவது. அக்கா கையில் வேதாகமம் இல்லை. வாயில் சினிமாப் பாட்டு. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். எதிர்ச்சாரியில் இருபது நிமிடம் நின்றேன். குளிரில் கால் மரத்துப்போயிற்று.

சாயங்காலம் நேராகவே கேட்டேன். அக்கா மறைக்கவில்லை. அந்த அம்மாளும் அவர் தங்கையும் இருபது வருடமாகச் சேர்ந்து நடத்திய கடையாம். ஆகஸ்டில் தங்கை இறந்துவிட்டாள். அவ்வளவு பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. மதம் பேசுவதாக இருந்தால் வாசலோடு போய்விடு என்று சொல்லித்தான் முதல் நாள் உள்ளே விட்டாராம். அதனால் இவள் பேசவே இல்லையாம். நான்கு மாதமாக!

"நீயும் வாயேன்" என்றாள். "ரெண்டு பேரா போனா விதியும் பொழைச்சிடும், அந்தம்மாவும் பொழைச்சிடுவாங்க. பண்டிகை முடியட்டும், பெரியம்மாகிட்ட நானே சொல்லிடறேன்."

பெரியம்மா எங்கள் மிஷனின் பொறுப்பாளர். மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறார். விதியை வளைக்க நான் கடல் தாண்டி வரவில்லை என்றேன். நன்றாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 7

அக்கா ஒன்றுமே நடக்காததுபோலப் பேசுகிறாள். அதுதான் எரிச்சல்.

டிசம்பர் 8

பெரியம்மாவுக்குக் கடிதம். மூன்று தடவை கிழித்து நான்காவதில் சரியாக வந்தது. நாள், நேரம், இடம். "தனியே சென்றார். நற்செய்தி எதுவும் பகிரப்படவில்லை." கூட்டியும் சொல்லவில்லை, திட்டியும் எழுதவில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை.

தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. கூடத்துக்கு இரண்டு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கினேன்.

டிசம்பர் 12

பெரியம்மா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். என்னைக் கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு அக்காவோடு அறையில் ஒரு மணி நேரம். குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை.

வெளியே வந்த பெரியம்மாவின் முகம் வாடியிருந்தது. அக்கா நாளைக்கே ஊருக்குப் போகிறாளாம். கண்டித்து விடுவார்கள், மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள் என்றுதான் நான் — வேறென்ன நினைத்தேன்? முந்திய ஊரிலேயே தனியே போனதற்கு ஒருமுறை எச்சரிக்கை வாங்கியிருக்கிறாளாம். இது இரண்டாவது. எனக்கு எப்படித் தெரியும்?

இன்னும் நான்கு மாதம் முடித்திருந்தால் மிஷன் அவளை நர்ஸ் படிப்பில் சேர்த்திருக்கும். அதற்காகத்தான் வந்ததாக முதல் வாரமே சொல்லியிருந்தாள். அப்பா அம்மா இல்லை. திரும்பிப் போனால் அண்ணன் வீடு. ஏன் திரும்பி வந்தாய் என்று அண்ணி வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்பாள்.

டிசம்பர் 13

போய்விட்டாள்.

பெட்டி கட்ட உதவப் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் மடித்துக் கொடுத்த புடவையைப் பிரித்துத் தானே மடித்து வைத்தாள். படியில் பெட்டியை இறக்கும்போதுதான் பேசினாள்.

"கடிதத்தைப் பெரியம்மா காட்டினாங்க. நீ எழுதினது எல்லாம் உண்மைதான். ஒண்ணை மட்டும் விட்டுட்டியே. நான் உன்னைக் கூப்பிட்டேன்னு எழுதலையே."

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்சிக்காரர் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

மறந்து விட்டேனா? இல்லை. மூன்று தாளைக் கிழித்தேனே — அந்த வரி முதல் இரண்டிலும் இருந்தது.

டிசம்பர் 15

புதுத் துணை ஜனவரியில்தான் வருவாளாம். அதுவரை ஒருத்தியாக வெளியே போகக் கூடாது. கூடமும் முனைக் கடையும் மட்டும். கிறிஸ்துமஸ் காலம், ஊரெல்லாம் விளக்கு, நான் விதியைக் காப்பாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்க் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்தாகிவிட்டது.

டிசம்பர் 18

பயிற்சியில் தேவதூதனாக நடிக்கிற சிறுமி கேட்டாள். பெரிய அக்கா ஏன் போனாங்க, என்ன தப்பு பண்ணாங்க?

ஒரு தப்பும் பண்ணவில்லை என்றேன். அப்ப ஏன் அனுப்பினாங்க என்று கேட்டாள். இறக்கையைச் சரியாகப் பிடி, பாட்டு ஆரம்பிக்கப் போகிறது என்று பேச்சை மாற்றினேன்.

டிசம்பர் 21

சலவைக் கடை அம்மா வந்தார். கையில் அக்காவின் சாம்பல் நிற ஸ்வெட்டர், துவைத்துத் தேய்த்து. எட்டு நாளாக ஆளைக் காணோமே, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றேன். 'அனுப்பிவிட்டார்கள்.' யாரோ செய்ததுபோல.

நாற்காலி போட்டும் உட்காரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்து, நீதானா அந்த வாத்தியாரம்மா என்றார். அக்கா என்னைப் பற்றிப் பேசுவாளாம். என் தங்கச்சி படிப்பில் கெட்டி, மனுஷர்களைக் கண்டால்தான் பயம், பழகினால் சரியாகிவிடுவாள் என்பாளாம். தங்கச்சி என்றா சொன்னாள்?

போகும்போது குடிலையும் நட்சத்திரத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாலு மாசத்துல உங்க சாமியைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை அவ. அதனாலேயே இந்தப் பண்டிகைக்கு அவகூட வந்து பின்னாடி உட்காரலாம்னு இருந்தேன்."

இப்பவும் வாங்களேன் என்றேன். இல்லைம்மா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நற்செய்தி எதுவும் பகிரப்படவில்லை — என் கையாலேயே எழுதினேனே. ஐயோ, எனக்கு என்னதான் தெரியும்?

டிசம்பர் 25

நாடகம் நன்றாக நடந்தது. மேய்ப்பன் ஒருவனுக்குத் தாடி கழன்று விழுந்தது, எல்லோரும் சிரித்தார்கள். இயேசு பிறப்பின் பகுதியை நான் வாசித்தேன். ஒரு பிழை இல்லை. யார் கண்ணையும் பார்க்காமல் வாசித்து முடித்தேன்.

அம்மா போனில் கூப்பிட்டாள். சந்தோஷமாக இருக்கியா என்றாள். இருக்கேன்மா என்றேன். உன்கூட இருக்கிற அந்தப் பொண்ணுகிட்ட குடு, வாழ்த்துச் சொல்றேன் என்றாள். குளிக்கிறாள் என்றேன்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு, பெற்ற தாயிடம் பொய்.

டிசம்பர் 27

பெரியம்மாவைப் போனில் பிடித்தேன். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன்.

"நீ எழுதினதுல பொய் இருக்கா?"

"இல்ல பெரியம்மா."

"அப்புறம் எதைத் திரும்ப வாங்கறே?"

அப்போதுதான் சொன்னேன். அவள் என்னையும் கூப்பிட்டாள், பண்டிகை முடிந்ததும் உங்களிடம் சொல்வதாகவும் சொன்னாள், இரண்டையும் வேண்டுமென்றே விட்டேன், பிள்ளைகளுக்கு அவளைத்தான் பிடிக்கும், அதுவும் ஒரு காரணம் என்று.  அன்றைக்கு அறையில் அக்காவை விசாரித்தபோது, தங்கச்சி மேல் எதையும் தள்ள மாட்டேன் என்று மட்டும் சொன்னாளாம். இது முன்பே தெரிந்திருந்தால் இன்னொரு தடவை யோசித்திருப்பேன், இப்போது அவள் இடத்துக்கு வேறு பெண்ணை எடுத்தாகிவிட்டது என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 29

போனேன். தனியாக, மூன்று மணிக்கு, விதி தெரிந்தே.

நான்தான் எழுதினேன் என்று சலவைக் கடை அம்மாவிடம் சொன்னேன். மெஷினிலிருந்து துணியை உருவிக்கொண்டே இருந்தார். கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை, மறுபடி சொன்னேன். காது கேக்குது என்றார். அவ்வளவுதான். அரை மணி நேரம் சுவரோரம் நின்றேன். போ என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. தனியாக ஒரு விரிப்பை மேசைமேல் போட்டு, இந்தப் பக்கம் இழுத்து, அந்தப் பக்கம் ஓடி இழுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"பிடி."

எனக்கு மடிக்கத் தெரியவில்லை. வலதென்றால் இடது போனேன், விரிப்பு கயிறாக முறுக்கிக்கொண்டது. மூன்று தடவை. படிச்ச படிப்பெல்லாம் எங்கே போச்சு என்று முணுமுணுத்தார். பதினோரு விரிப்பு மடித்தோம். 

டிசம்பர் 30

தனியே போனதைப் பெரியம்மாவுக்கு எழுதிப் போட்டேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை.

ஜனவரி 4

பெரியம்மாவின் பதில். எனக்கு இது முதல் எச்சரிக்கை. புதுத் துணை ஆறாம் தேதி வருகிறாள். கடைசியில் ஒரு வரி: "அந்தக் கடைக்குப் போவதென்றால் இருவராகப் போங்கள்."

இருவராகப் போங்கள். இதைத்தானே அக்கா அன்றைக்குச் சொன்னாள். கால் மணி நேரப் பேச்சில் தீர்ந்திருக்க வேண்டியது.

ஜனவரி 11

புதுத் துணையும் நானும் இன்றும் மூன்று மணிக்குப் போனோம். அவள் துணி தேய்க்க நின்றாள். சலவைக் கடை அம்மா துணி அடுக்கின் அடியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டினார். அவருக்கு எழுத்து தெரியாது. துணிகளைக்கூட நூலின் நிறம் வைத்துத்தான் அடையாளம் காண்கிறார். நேற்றே வந்ததாம், நான் வரட்டும் என்று வைத்திருந்தாராம்.

அக்காவின் கடிதம். ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நாள் முழுக்க நிற்பதால் கால் வீங்குகிறது. அண்ணி ஒன்றும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதுதான் பாரமாக இருக்கிறது. பண்டிகைக்கு அவரோடு இருக்க முடியாமல் போனதற்கு மன்னிக்கச் சொல்லியிருந்தாள். இடுப்புக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள் என்று எழுதியிருந்தாள்.

ஒரு தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

படிப்பது நான், கேட்பவருக்கு எழுத்து தெரியாது. 'தங்கச்சியை விசாரித்தேன்' என்று வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். உள்ளதை உள்ளபடி படித்து, மடித்துக் கொடுத்தேன்.

"உன்னைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?"

"இல்லம்மா."

 தன் தங்கை எழுதிவந்த பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, பதில் எழுது என்று உட்கார வைத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மெஷின் ஒன்று ரிப்பேர். தங்கையின் படத்துக்குச் சட்டம் போட்டாயிற்று. இப்போது வாத்தியாரம்மா வருகிறாள், மடிப்பு இன்னும் கோணல்தான். அதையும் எழுதச் சொன்னார். எழுதினேன்.

அடியில் இடம் இருந்தது. மன்னிப்புக் கேட்டு என் சார்பில் ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"இது என் லெட்டர்" என்றார். "உன்னுதை நீ தனியா எழுது."

திரும்பும் வழியில் இரண்டு தபால்தலை வாங்கினேன். ஒன்றை ஒட்டி அவர் கடிதத்தைப் பெட்டியில் போட்டாகிவிட்டது. மற்றது இந்த நோட்டுக்குள் இருக்கிறது. 'அன்புள்ள அக்கா' என்பது வரைக்கும் எழுதியிருக்கிறேன்.