கரித்துண்டோடு வந்தவனுக்கு

ஜனவரி முதல் தேதி காலை, இரு பக்க நியாயங்களையும் நிதானமாகப் பரிசீலித்தபின், குப்பைப் பையை வெளியே வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். நானும் வெளியே போவதில்லை. புது வருடத்தில் வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வரும்வரை வீட்டிலிருந்து எதுவும் வெளியேறக் கூடாது என்பது ஸ்காட்லாந்து வழக்கம். மலேசியாவில், இந்த ரெம்பாவ் ஊரில் குப்பை அள்ளுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

காரணம், பிஸ்கட் டின்னில் இருந்த உன் கரித்துண்டுகள். அலமாரியைத் துடைத்தபோது கைக்கு வந்தன. வருடத்துக்கு ஒன்றாக நீ கொண்டுவந்து நீட்டியவை. எரிக்க மனம் வரவில்லை. எறியக் காரணம் கிடைக்கவில்லை.

இந்த வழக்கத்தை உனக்குச் சொன்னவர் நம் எஸ்டேட்டின் கடைசி வெள்ளைக்காரத் துரை. வருடப் பிறப்பன்று முதலில் வாசற்படி மிதிப்பவர் கறுத்த முடி கொண்ட ஆணாக இருந்தால் வீட்டுக்கு நல்லது என்பது அவர் ஊர் நம்பிக்கை. மஞ்சள் முடிக்காரர் ஆகாது. ஒரு காலத்தில் மஞ்சள் முடிக்காரர்கள் கப்பலில் வந்திறங்கிக் கொள்ளையடித்துப் போனார்களாம். இந்தப் பயம் நமக்கும் புரியக்கூடியதே. எஸ்டேட்டில் எல்லாருக்கும் கறுத்த முடிதான் என்பதால், சந்தேகத்துக்கே இடமில்லாத ஒருவரைத் தேடினார்கள். ரப்பர் பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்த நீ அகப்பட்டாய்.

அதற்குமுன் உனக்குப் பெண் கேட்டுப் போன இரண்டு மூன்று வீடுகளில் நிறத்தைச் சொல்லித் தட்டிக்கழித்திருந்தார்கள். "வருசத்துல ஒரு நாளாச்சும் இந்தக் கறுப்புக்கு மருவாதி இருக்குலா" என்றாய், பங்களாவிலிருந்து விஸ்கி வாசனையோடு திரும்பி.

துரை ஊருக்குப் போய்விட்டார். அடுத்த ஜனவரியில் நீ எங்கள் வாசலில் நின்றாய். துரை சொன்ன முறைப்படி கையில் கரி, உப்புப் பொட்டலம், ரொட்டி, இடுப்பில் ஒரு சின்னப் போத்தல். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதிய நான் உனக்குக் கடைசிவரை கிராணிதான்.

"தொறலா கிராணி. அதிர்ஷ்டம் வெயில்ல நிக்குது."

"அண்ணே, கரியோட உள்ள வராதீங்க, இப்பதான் தொடச்சேன்" என்றாள் என் மனைவி.

"கரி இல்லாம வந்தா வெறும் விருந்தாளிம்மா."

ரொட்டியை மூவரும் தின்போம். போத்தல் மட்டும் உன்னோடு திரும்பிப் போகும். அவள் இறந்த வருடமும் வந்தாய். துக்க வீட்டுக்குக் கரியோடு வரலாமா என்று கேட்டேன். "தொரை அதச் சொல்லல. ரொட்டிய நறுக்கு" என்றாய்.

நான் இதை மூடநம்பிக்கை என்று உன்னிடம் ஒவ்வொரு வருடமும் விளக்கியிருக்கிறேன். அன்று காலை மட்டும் சீக்கிரமே குளித்து, நல்ல சட்டை மாட்டி, கதவருகே நாற்காலி போட்டு நாளிதழ் படிப்பேன். நீ தட்டியதும், சற்றுத் தாமதித்தே திறப்பேன்.

போன தீபாவளிக்குப் பிறகு நீ இல்லை.

இம்முறை பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு மேலாக நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் நீட்டினார். வேலி வாசற்படி ஆகாது. கோலாலம்பூரிலிருந்து மகன் போன் செய்தான்.

"ஞாயித்துக்கெழம வரேம்பா. என்னா வாங்கிட்டு வரட்டும்?"

"கரி."

"பார்பிகியூ போடறீங்களா?"

அவன் தாயைப் போல் சிவந்த நிறம். உன் தரத்துக்குச் செல்லாது. விதியைச் சற்றுத் தளர்த்தலாம் என்று தீர்மானித்தேன். அவன் மறந்துவிட்டால் கொடுக்க, டின்னிலிருந்து ஒரு துண்டைத் தனியே எடுத்து வைத்தேன். ஞாயிறு காலை குளித்து, நல்ல சட்டை மாட்டி, கதவருகே உட்கார்ந்தேன். பத்து மணிக்கு மேல் செய்தி வந்தது: ஆபீசில் வேலை, அடுத்த வாரம் பார்க்கலாம்.

உன் தட்டல் எனக்கு மறக்கவில்லை. இரண்டு மெதுவாக, ஒன்று பலமாக, கரி பிடித்த கையாலேயே தட்டுவாய். கதவில் அந்தக் கறை இருக்கிறது, துடைத்ததில்லை. அது வெளிப்பக்கம். நான் உட்பக்கம் இருக்கிறேன்.

குப்பை லாரி இரண்டாம் முறையும் வந்து போய்விட்டது.