திரை டீச்சரும் வாயடங்காத மாமாவும்

மார்ச் 4
சத்தியமாக எவரும் நம்பப்போகாத ஒரு சரித்திரத்தை இன்று தொடங்குகிறேன். நானே நம்புவேனா என்பது சந்தேகம்தான்.

தங்கையின் மகளுக்கு ஐந்து வயது. ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. பிடிக்காததை அலறித்தான் சொல்வாள். மகாராணி என்பது நான் சூட்டிய பட்டம். இன்று பல் துலக்கும்போது போட்ட அலறலில் எதிர்வீட்டுச் சுவர் இரண்டடி நகர்ந்தது. தங்கை குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எது வேணாம்னுகூட எனக்குப் புரியலையேண்ணா. நான்லாம் என்ன அம்மா?"

நான் குழாயை மூடினேன், கூடவே என் வாயையும். சரித்திரத்தில் முதல் தடவை.

மார்ச் 6
பெற்றோருக்கு இணையவழிப் பயிற்சியாம். சேர்ந்துவிட்டாள். வீட்டில் நடப்பதைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறை மடிக்கணினித் திரையில் டீச்சர் தோன்றி வழி சொல்வார். ஒளிப்பதிவாளர் அடியேன். என் கலையைக் கண்டு உலகம் நடுங்கும். இன்றைக்கு நடுங்கியது படம் மட்டும்.

மார்ச் 13
டீச்சர் நான் எடுத்த படத்தையே ஓட்டிக் காட்டினார். "பாருங்கம்மா, முகத்தத் திருப்பறா. காதப் பொத்தறா. அப்புறம்தான் அலறல். அவ முதல்லயே சொல்லிட்டா."

தங்கை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்புறம், பின்னாடி விடாம ஓடுதே, ரேடியோவா?"

ரேடியோ தலைகுனிந்தது.

பிடிக்காதபோது மகாராணி எடுத்து நீட்ட, கை படம் போட்ட 'போதும்' அட்டை ஒன்று செய்யச் சொன்னார். தங்கைக்குப் பயம். "எல்லாத்துக்கும் போதும்னா என்ன பண்றது?"

"சொல்லட்டுமே! சொன்னா நடக்கும்னு அவளுக்குத் தெரியணும்."

மார்ச் 15
சமையலறைச் சுவரில் அட்டை தொங்குகிறது. தலை வாரும்போது மகாராணி முகம் திருப்பினால், தங்கை அவள் கையால் அட்டையை எடுக்க வைத்து, உடனே சீப்பைக் கீழே வைக்கிறாள். செய்முறை விளக்கமாக நான் தங்கையின் குழம்புக்கு அட்டை காட்டினேன். கரண்டி பறந்து வந்தது.

மார்ச் 22
மகாராணி தானாக அட்டையை எடுத்தாள்! கடித்துப் பார்த்தாள். போட்டுவிட்டாள்.

மார்ச் 27
ஐந்து நாளாக மகாராணி தானாக அட்டையைத் தொடவில்லை; திரைக்கு முன்னால் தங்கை உடைந்துபோனாள். "விட்டுடலாம் டீச்சர். எனக்கு இது வராது."

"முன்னாடி அவ அலறினா என்ன பண்ணுவீங்க?"

"நானும் கத்துவேன்."

"இப்ப?"

"நிறுத்திட்டு... அட்டையக் காட்டறேன்."

"அப்புறம் என்னம்மா வரல?"

நான் மூக்கைச் சிந்தினேன். சளி. வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 5
காலையில் வெங்காயம் உரித்தபடி பாடிக்கொண்டிருந்தேன். உச்ச ஸ்தாயி. மூன்று கண்டங்களில் பறவைகள் திசைமாறின. கூடத்தில் கரண்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த மகாராணி காதைப் பொத்தினாள். எழுந்து வந்தாள். அலறவில்லை. நேரே சுவரிடம் போய் அட்டையை எடுத்து, என்னிடம் —

பாதி ராகத்தில் நிறுத்தினேன். அவள் திரும்பிப்போய்க் கரண்டி அடுக்கினாள்.

தங்கை சிரிக்கிறாள், அழுகிறாள், அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. "இத்தன வருஷமா நான் சொல்ல நெனச்சத அவ சொல்லிட்டாண்ணா!"

மாலையில் டீச்சரைக் கூப்பிட்டோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உடனே நிறுத்தினீங்களா?"

ஏப்ரல் 6
மேலே உள்ளதில் அளப்பெல்லாம் என் கைச்சரக்கு. என் பாட்டுக்குப் பறவை எதுவும் திசைமாறவில்லை. காக்கா ஒன்று ஜன்னலில் சும்மா உட்கார்ந்திருந்தது. ஆனால் ஒரு சின்னக் கை என் உள்ளங்கையை விரித்து, அட்டையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டது. அது மட்டும் நடந்தது.