அவள் திரும்பிப் பார்க்காத நேரங்கள்

நெல்லிவாசல்
புதன்கிழமை

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு மஞ்சுளா எழுதுவது. உங்கள் முட்டிவலி இப்போது தேவலையா? நாங்கள் மூவரும் சுகம். பயப்படும்படி ஒன்றுமில்லை.

நான் இந்த மலைப்பள்ளிக்கு ஆசிரியையாக மாற்றலாகி வந்ததிலிருந்து உங்கள் பேத்தி தேன்மொழி திடீரென்று வெறித்தபடி நின்றுவிடுகிறாள். கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. டாக்டரிடம் காட்டினோம். அவர் செல்போனிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை. "ஆட்டிசம் பசங்க இப்டித்தாம்மா. என்னை இன்னா பண்ணச் சொல்றே?" என்றார், குழந்தையின் காதுபடவே.

மறுபடி அப்படி நின்றபோது உங்கள் மருமகன் ராஜேஷ் வீடியோ எடுத்தார். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அதை மூன்று முறை பார்த்தார்கள். தலையில் ஒயர் ஒட்டி டெஸ்டும் எடுத்தார்கள். "இதுவும் வலிப்புதாங்க. அவ புடிவாதம் பண்ணல. மாத்திரை குடுக்கலாம்" என்றார்கள்.

பிடிவாதம் என்று நினைத்து நான் அவளை அடித்திருக்கிறேன் அப்பா. செல்போன் பார்த்த அந்த ஆளைவிட என் கையைப் பார்த்தால்தான் அருவருப்பாக இருக்கிறது. ராஜேஷிடம்கூட இதைச் சொல்லவில்லை.

கழுத்தில் லேபிள் வைக்காத பருத்திச் சட்டை இரண்டு வேண்டும். லேபிள் உரசினால் அவளுக்கு ஆகாது. பார்சலில் அனுப்பாமல் நீங்களே கொண்டுவாருங்கள். அவர் வேலைக்குப் போனபின், நான் குளிக்கிற நேரத்தில் அவள் பக்கத்தில் ஆளில்லை. கடிதத்தைக் கீழே கொண்டுபோகும் ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார்.

மஞ்சுளா